கச்சேரிக்கு உலை வைப்பது எப்படி?

வாஷிங்டன் நகரத்தின் வி தெருவில் 9:30 கிளப் என்று ஒரு கச்சேரிக் கூடம் இருக்கிறது. அதன் நிகழ்ச்சிப் பட்டியலை எந்த மாதம் எடுத்துப் பார்த்தாலும் ஒரே அமைப்புதான்: தேதி, கொட்டை எழுத்தில் ஒரு குழுவின் பெயர், அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு பெயர், கதவு திறக்கும் நேரம், சிலவற்றின் பக்கத்தில் ‘டிக்கெட் தீர்ந்தது’. பாதிப் பெயர்களை நாம் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். பெரிய ரெக்கார்ட் கம்பெனிகளின் தயவில்லாமல், சாமான்களை வேனில் அடைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாசிக்கும் இண்டி குழுக்கள் இவற்றில் நிறைய உண்டு.

இந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது? கல்யாணச் சமையற்கட்டில் நின்று பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். வந்தவர்கள் பார்ப்பது இலையில் விழுவதை மட்டும். தேதி பிடிப்பது, ஆள் கணக்கு, மளிகை லிஸ்ட், உப்புப் பார்ப்பது, கடைசியில் பணம் பட்டுவாடா எல்லாம் பின்கட்டு விவகாரம். கச்சேரியின் ருசியும் பின்கட்டில்தான் தீர்மானமாகிறது.

முதலில் தேதி. குழுவின் சார்பில் பேசுகிறவர் ஏஜெண்ட். கூடத்தின் சார்பில் கச்சேரி பிடிப்பவர் புக்கர். ஏஜெண்ட் வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்கிறார். நியூயார்க்கில் வியாழன், பிலடெல்பியாவில் வெள்ளி, வாஷிங்டனில் சனி என்று போட்டால் தினமும் இரண்டு மூன்று மணி நேர வண்டி ஓட்டத்தில் முடிந்துவிடும். நடுவில் ஒரு நாள் காலியாக விழுந்தால் ஓட்டல் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கையைக் கடிக்கும். அதனால் புக்கரிடம் அந்தச் சனிக்கிழமையைக் கேட்கிறார். ‘வேறொரு குழு முதல் ஹோல்டு போட்டிருக்கிறது, நீங்கள் இரண்டாவது’ என்று பதில் வருகிறது. அட்வான்ஸ் எதுவும் கிடையாது, பெயரை மட்டும் பென்சிலில் எழுதி வைப்பதுதான் ஹோல்டு. ஒரே தேதிக்கு நாலைந்து பெயர்கள்கூட வரிசையில் நிற்கும். இரண்டாவது ஆள் உறுதியாக வாசிக்கத் தயார் என்றால் முதல் ஆளுக்குத் தகவல் போகும்: எடுத்துக்கொள்கிறீர்களா, விட்டுவிடுகிறீர்களா? ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் அவகாசம். இதற்குப் பெயர் சேலஞ்ச். முகூர்த்த மாதத்தில் மண்டபத்துக்கு அலைந்த பெண்வீட்டாருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அடுத்தது ஆள் கணக்கு. இதில்தான் அனுபவசாலிக்கும் கற்றுக்குட்டிக்கும் வித்தியாசம் தெரியும். இருநூறு பேருக்கான சோற்றை ஆயிரம் பேர் அண்டாவில் போட்டால் அடியில் ஒட்டிக்கொண்டு காய்ந்து போகும். கச்சேரியும் அப்படியே. முந்நூறு பேர் நிற்கும் சின்னக் கூடம் திருவிழா மாதிரி இருக்கும். அதே முந்நூறு பேர் ஆயிரம் பேருக்கான கூடத்தில் நின்றால் வாசிப்பவருக்கும் மனசு விட்டுப்போகும், கேட்பவருக்கும்.

9:30 கிளப் 1980 மே 31 அன்று எஃப் தெரு 930ஆம் எண் கட்டடத்தில் திறந்தபோது, 199 பேருக்குத்தான் அனுமதி. கதவு எண்ணும், கடை திறக்கும் நேரமும் சேர்ந்து பெயராகிவிட்டன. அந்தப் பழைய கூடத்தின் நாற்றமும் எலிகளும், மேடையை மறைத்துக்கொண்டு நின்ற தூணும் ஊரறிந்த சங்கதிகள். 1996 ஜனவரியில் வி தெருவுக்குக் குடிபெயர்ந்தபோது கொள்ளளவு 1,200 ஆனது. முதல் கச்சேரி ஸ்மேஷிங் பம்ப்கின்ஸ். புது இடத்தில் ஒரு காரியம் செய்தார்கள், எனக்கு மிகவும் பிடித்தது: மேடையை நகரும்படி அமைத்தார்கள். டிக்கெட் குறைவாக விற்றிருந்தால் மேடையை முன்னால் தள்ளிக் கொண்டுவருவார்கள். கூடம் சுருங்கி, வந்த கூட்டமே நிறைந்த கூட்டமாகிவிடும். நன்றாக விற்றால் மேடை பின்னால் போகும். அண்டாவையே அரிசிக்குத் தக்கபடி சுருக்கி விரிக்கும் வித்தை இது.

9:30 கிளப்பை நடத்தும் ஐ.எம்.பி. நிறுவனத்திடம் மற்ற அளவுக் கூடங்களும் உண்டு. 2017-இல் திறந்த ஆந்தம் 6,000 பேருக்கு. 2023 மே 30 அன்று திறந்த அட்லாண்டிஸ் 450 பேருக்கு. பழைய எஃப் தெருக் கூடத்தை நினைவுபடுத்தும்படியே கட்டினார்கள். ஆந்தம், அட்லாண்டிஸ் இரண்டிலும் முதல் கச்சேரி ஃபூ ஃபைட்டர்ஸ். பதின்பருவத்தில் பழைய 9:30-க்குக் கச்சேரி கேட்க வந்துகொண்டிருந்த டேவ் குரோல்தான் அந்தக் குழுவின் தலைவர். புதிதாக வரும் குழு அட்லாண்டிஸில் தொடங்கி, ஆள் சேரச் சேர 9:30-க்கும், அதிர்ஷ்டம் இருந்தால் ஆந்தத்துக்கும் போகலாம். அவசரப்பட்டுப் பெரிய கூடத்துக்குத் தாவிய குழுவின் பெயர் அடுத்த வருடப் பட்டியலில் இருக்காது.

இனி பணம். இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். 450 பேர் கூடம், டிக்கெட் 20 டாலர். கூடத்தின் செலவு 4,000 டாலர்: ஒலி, ஒளி ஆட்கள், வாசல் காவல், விளம்பரம், காப்பீடு. குழுவுக்கு உத்தரவாதம் 2,000 டாலர், அல்லது செலவு போக மிச்சத்தில் 85 சதவீதம், எது அதிகமோ அது. அமெரிக்காவில் இந்த மாதிரி ஒப்பந்தம் சகஜம். கூடம் நிறைந்தால் வசூல் 9,000. செலவு போக 5,000. அதில் குழுவுக்கு 4,250, கூடத்துக்கு 750. இப்போது 200 பேர் மட்டும் வந்தார்கள் என்று வையுங்கள். வசூல் 4,000 செலவுக்கே சரியாகிவிடும். உத்தரவாதம் 2,000 டாலரைக் கூடம் கையிலிருந்து கொடுக்க வேண்டும். நிறைந்தால் 750 லாபம், பாதிக்கும் குறைவாக வந்தால் 2,000 நஷ்டம். இதை வியாபாரம் என்று எந்தச் சமையல் காண்டிராக்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அப்புறம் எப்படிக் கடை ஓடுகிறது? பார் ஓடுகிறது, கடையும் ஓடுகிறது. சின்னக் கூடங்களின் வாடகையைக் கட்டுவது பெரும்பாலும் பீர் விற்ற காசுதான். அதனால்தான் டிக்கெட்டை வாங்கி வைத்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடும் ரசிகரும் கூடத்துக்கு நஷ்டக் கணக்குதான். 2020-இல் கொரோனாவால் கதவுகள் மூடியபோது இந்தக் கூடங்களிடம் கையிருப்பு என்று பெரிதாக எதுவும் இல்லாததற்கும் இந்தக் கணக்கே காரணம். நாடு முழுவதும் தனியார் கூடங்கள் சங்கம் சேர்ந்து கேட்டு, அந்த டிசம்பரில் 1,500 கோடி டாலர் அரசு உதவிக்குச் சட்டம் வந்தது.

தேதி உறுதியாகி டிக்கெட் விற்கத் தொடங்கியதும் குழுவிடமிருந்து ரைடர் வரும். மளிகை லிஸ்ட் என்றால் இதுதான். ஒரு பகுதி சாப்பாடு: இத்தனை தண்ணீர் பாட்டில், இத்தனை பேருக்குச் சூடான சாப்பாடு, அதில் இருவர் சைவம், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர் ஒருவர். (9:30-இல் வாசிக்க வரும் குழுக்களுக்குக் கிளப்பின் முத்திரை போட்ட கப்கேக் கொடுப்பது வழக்கம். எட்டு மணி நேரம் வேனில் குலுங்கி வந்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.) இன்னொரு பகுதிதான் உயிர்நாடி, இன்புட் லிஸ்ட். ஒன்று, கிக் டிரம். இரண்டு, ஸ்னேர் மேல்பக்கம். மூன்று, ஸ்னேர் அடிப்பக்கம். நாலு, ஹை-ஹேட். இப்படியே பாஸ், கிடார், கீபோர்டு, குரல் என்று இருபது, முப்பது வரிகள். எந்த ஒலி எந்த வரியில் வருகிறது, அதற்கு எந்த மைக், மேடையில் யார் எங்கே நிற்கிறார் என்று படமும் இருக்கும். இந்த லிஸ்ட் ஒழுங்காக வராத குழுவின் சாயங்காலம் கேபிள் தேடுவதிலேயே கழியும்.

கச்சேரி நாளன்று பிற்பகலில் வண்டி வந்து சாமான் இறங்கும். பிறகு சவுண்ட் செக். இங்கே ஒரு வேடிக்கை: கடைசியில் வாசிக்கப்போகும் பெரிய குழு முதலில் சரிபார்க்கும், முதலில் வாசிக்கப்போகும் சின்னக் குழு கடைசியில். காரணம் எளிது. கடைசியாகச் சரிபார்த்தவர்களின் சாமான் மேடையில் அப்படியே நிற்கும், கதவு திறந்ததும் அவர்கள் நேரே தொடங்கலாம். நியாயமான ஏற்பாடு, ஆனால் பெரிய குழு தாமதம் செய்தால் அடிபடுவது சின்னக் குழுவின் நேரம். பத்து நிமிடத்தில் ‘மைக் வருகிறதா, வருகிறது’ என்று முடித்துவிட்டு மேடையேறும் பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் காலிக் கூடத்தில் பார்த்த உப்பு, ராத்திரி சரியாக இருக்காது. வெறும் சுவரில் மோதித் திரும்பிய ஒலியை இப்போது ஆயிரம் உடம்புகள் உறிஞ்சிக்கொள்கின்றன. கூர்மையான ஒலிகள் மங்கிவிடும். கூடத்தின் நடுவே மிக்சர் முன் நிற்பவர் முதல் பாட்டு முழுவதும் விரலை எடுக்காமல் திருத்திக்கொண்டிருப்பது அதனால்தான். பெரிய கூடங்களில் இன்னொருவர் மேடை ஓரத்தில் நின்று, வாசிப்பவர்கள் காதுக்கு எது எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை மட்டும் கவனிப்பார். பாடகி பாடிக்கொண்டே ஒரு விரலை மேலே காட்டினால், ‘என் குரலைக் கூட்டு’ என்று அவருக்குத்தான் சொல்கிறார்.

வாசலிலும் ஒரு வேலை உண்டு, வயது பார்ப்பது. குடிக்கும் வயது வராத பிள்ளைகளின் கையில் பெருக்கல் குறி போட்டு உள்ளே விடும் வழக்கம் வாஷிங்டனில் பரவியதற்கு ஒரு பையன்கள் குழு காரணம். 1980-இல் டீன் ஐடில்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்கு வாசிக்கப் போனபோது, மபுஹே கார்டன்ஸ் கிளப்பில் அவர்கள் கையில் இந்தக் குறியைப் போட்டுத்தான் உள்ளே விட்டார்கள். ஊர் திரும்பியதும் 9:30 உள்ளிட்ட கிளப்புகளிடம் அதே யோசனையைச் சொன்னார்கள். பார் காசில் ஓடும் கடை, குடிக்காத பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்தது. அவர்களில் பலர் பிற்பாடு மேடையேறினார்கள் என்பதால் அது நஷ்டக் கணக்காகவும் ஆகவில்லை.

நடுராத்திரிக்கு மேல், கூடம் கூட்டிப் பெருக்கும் நேரத்தில், பின்கட்டு அறையில் குழுவின் மேலாளரும் கூடத்தின் ஆளும் உட்கார்ந்து ரசீது ரசீதாகக் கணக்கு தீர்ப்பார்கள். பிறகு வேன் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும்.

இண்டி கச்சேரிக்கு டிக்கெட் வாங்குகிறவர்களுக்கு மூன்று வேண்டுகோள். கதவு திறக்கிற நேரத்துக்கே போய்ப் பொடி எழுத்துப் பெயரையும் கேளுங்கள். போக முடியாவிட்டால் டிக்கெட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். குழு பிடித்திருந்தால் வாசலில் அவர்கள் விற்கும் சட்டையோ இசைத்தட்டோ ஒன்று வாங்குங்கள். கூடம் அதில் பங்கு கேட்காத இடங்களில் அந்தப் பணம் முழுக்க அவர்களுக்கே.