ஹார்வர்டு வாசலில் அன்றும் இன்றும்

நூறாண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர விரும்பிய மாணவர், லத்தீன், கணிதம் முதலிய பாடங்களில் நுழைவுத் தேர்வு எழுதினார். தேறினால் பெரும்பாலும் இடம் உறுதி. பள்ளிக்கு வெளியே என்ன செய்தார் என்று யாரும் துருவிக் கேட்கவில்லை.

அந்தத் தேர்வில், குடியேறி வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள் ஏராளமாகத் தேறினார்கள். 1922 வாக்கில் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் யூதர்கள். இது பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் லோவெலுக்குப் பிடிக்கவில்லை. யூதர்களுக்கு நேரடியாக உச்சவரம்பு விதிக்கப் பார்த்தார், எதிர்ப்பு கிளம்பியது. பிறகு, 1926இல் குணநலனும் ஆளுமையும் சேர்க்கைக்கான அளவுகோல்களாயின. விண்ணப்பத்தோடு புகைப்படமும் கேட்டார்கள். மதிப்பெண்ணைத் தாண்டிப் பார்க்கும் வழக்கம் அங்கே வேர்விட்டது, தகுதியுள்ள பிள்ளைகளை வெளியே நிறுத்துவதற்காகத்தான்.

இன்று அந்த வழக்கம் அமெரிக்கா முழுவதும் பரவியிருக்கிறது. 1975இல் 15 கல்லூரிகளோடு தொடங்கிய 'காமன் ஆப்' பொது விண்ணப்பத்தை இப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கின்றன. அதில் பத்துச் செயல்பாடுகளைப் பட்டியலிடலாம். கூடவே 650 சொற்களுக்குள் ஒரு கட்டுரை. கொரோனாக் காலத்தில் எஸ்ஏடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு கட்டாயமில்லை என்று பல கல்லூரிகள் அறிவித்தன. எம்ஐடி 2022இலும் ஹார்வர்டு 2024இலும் அதைத் திரும்பக் கட்டாயமாக்கின. ஆனாலும் அந்த மதிப்பெண் மட்டும் போதாது. உச்ச மதிப்பெண்ணோடு விண்ணப்பிப்பவர்களின் எண்ணிக்கை, இருக்கும் இடங்களைவிட அதிகம்.

இதனால் பணமும் புகுந்தது. கட்டுரையைச் செதுக்கித் தர ஆலோசகர்கள், தொண்டு என்ற பெயரில் கட்டணச் சுற்றுலாக்கள் என ஒரு சந்தையே உருவாகிவிட்டது. 2019இல் வெளிவந்த ஊழலில், விளையாடவே தெரியாத பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டிச் சில பணக்காரப் பெற்றோர் இடம் வாங்கியது அம்பலமானது.

ஆனால் ஒரு நல்ல மாற்றமும் நடந்திருக்கிறது. வீட்டுப் பொறுப்பு, சம்பள வேலை இரண்டுக்கும் காமன் ஆப் பட்டியலில் இடம் உண்டு. ஹார்வர்டு கல்வியியல் பள்ளி 2016இல் வெளியிட்ட அறிக்கை, செயல்பாடுகள் இரண்டு மூன்று இருந்தாலே போதும், அவற்றில் ஆழம் வேண்டும் என்றது. குடும்பத்துக்காக உழைப்பதையும் கல்லூரிகள் மதிக்க வேண்டும் என்றது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவும், மாலையில் அப்பாவின் கடையில் கணக்கு எழுதும் பையனும் அதைக் கூச்சப்படாமல் விண்ணப்பத்தில் எழுதலாம்.

தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பன்னிரண்டாம் வகுப்பில் அவசர அவசரமாகச் சான்றிதழ் சேர்க்காதீர்கள். மனதுக்குப் பிடித்த ஒரு வேலையை ஒன்பதாம் வகுப்பிலேயே கையிலெடுத்து, விடாமல் செய்யுங்கள். உங்களை நன்றாக அறிந்த ஆசிரியரிடமே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கட்டுரையை நீங்களே எழுதுங்கள். இடம் கிடைக்காமல் போனாலும், அந்த நான்கு ஆண்டு உழைப்பு உங்களுடையதாகவே இருக்கும்.