எல்லை தாண்டும் பணம் – 14: ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள்

கான்சாபுரத்தில் நெல்லும் தென்னையும் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை கயானாவில் டாக்டருக்குப் படிக்கிறது என்று வையுங்கள். நடக்காத கதையில்லை. தலைநகர் ஜார்ஜ்டவுனில் உள்ள டெக்சிலா அமெரிக்கன் பல்கலைக்கழகத்தைப் போன்ற இடங்களுக்குத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். வெனிசுவேலாவுக்குக் கிழக்கே, பிரேசிலுக்கு வடக்கே இருக்கும் சின்ன நாடு. 1838 முதல் 1917 வரை கரும்புத் தோட்டத்துக்கு நம் ஆட்களைக் கப்பலேற்றிய அதே கயானா. சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள் கொண்டுபோன மாரியம்மனை அங்கே இன்றும் கும்பிடுகிறார்கள்.

அன்று ஆள் போனது. இன்று பீஸ் போகவேண்டும்.

"அண்ணாச்சி, காலேஜ் பேங்க்கோட ஸ்விஃப்ட் கோடு கொண்டாந்தீங்களா?" என்பார் கவுண்ட்டரில் இருப்பவர். அப்பா தன் பாஸ்புக்கை நீட்டுவார். அதில் இருப்பது ஐஎஃப்எஸ்சி. அதுவும் 11 எழுத்துதான், ஆனால் உள்நாட்டோடு சரி.

ஸ்விஃப்ட் கோடு எட்டு எழுத்து. கிளையைச் சேர்த்தால் பதினொன்று. ஸ்டேட் வங்கியுடையதைப் பிரித்துப் பாருங்கள்: 'எஸ்பிஐஎன்' வங்கி, 'ஐஎன்' இந்தியா, 'பிபி' மும்பை. காலேஜ் அனுப்பிய கோடில் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஐந்தாவது, ஆறாவது எழுத்துகளை. கயானா என்றால் அங்கே 'ஜிஒய்' இருக்கவேண்டும். 'ஜிஎன்' இருந்தால் ஆப்பிரிக்காவின் கினி, 'ஜிஎஃப்' பிரெஞ்சு கயானா. வாட்ஸ்அப்பில் வந்ததைக் கையால் எழுதி, அதைப் பார்த்து இன்னொருவர் டைப் அடிக்கும்போது ஓ பூஜ்யமாகிவிடும், அதையும் பாருங்கள். சில படிவங்கள் 'ஐபான்' எண் கேட்கும். கயானாவில் அந்த முறையே கிடையாது; சாதாரணக் கணக்கு எண் போதும்.

இத்தனை பார்த்தாலும் ஸ்விஃப்ட் ஒரு ரூபாயைக்கூடத் தூக்கிக்கொண்டு போகாது. டெலக்ஸுக்கு மாற்றாக, 15 நாடுகளின் 239 வங்கிகள் 1973-இல் பெல்ஜியத்தில் தொடங்கிய தகவல் நிறுவனம் அது. 'இன்னாருக்கு இவ்வளவு கொடு' என்ற செய்தி மட்டும்தான் அதில் போகும். டாலர் பெரும்பாலும் நியூயார்க்கில் இருக்கும் இடை வங்கியின் கணக்குகளில் கைமாறும். அங்கே கமிஷன் பிடித்துக்கொண்டால் காலேஜுக்குக் குறைந்த தொகைதான் போய்ச்சேரும். உடனே, "பீஸ் பாக்கி" என்று மெயில் வரும். படிவத்தில் கட்டணம் யாருடையது என்ற இடத்தில் 'அவர்' (OUR) என்ற ஆங்கிலச் சொல்லை டிக் செய்தால் எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவர் பொறுப்பு. காசு கொஞ்சம் கூடத்தான் ஆகும். பீஸ் விஷயத்தில் அதைப் பார்க்காதீர்கள்.

மற்றதெல்லாம் வழக்கமான காகிதங்கள்: ஏ2 படிவம், பான், அட்மிஷன் கடிதம், பீஸ் பில். ரிசர்வ் வங்கியின் வரம்பு நிதியாண்டுக்கு ஒருவருக்கு இரண்டரை லட்சம் டாலர். வங்கி முன்கூட்டிப் பிடிக்கும் டிசிஎஸ் வரிக்கான எல்லை 2025 ஏப்ரலில் 7 லட்சத்திலிருந்து 10 லட்ச ரூபாயாக உயர்ந்தது. சின்னக் கிளைகள் காகிதத்தை வாங்கிப் பெரிய கிளைக்குத்தான் அனுப்பும். கடைசித் தேதிக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள்.

அனுப்பிய பிறகு அந்த ஸ்விஃப்ட் செய்தியின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். 2025 நவம்பரோடு செய்தியின் வடிவம் மாறிவிட்டது. பழகிய வாய்க்கு அது இன்னும் 'எம்டி 103'தான். அதில் இருக்கும் 36 இலக்கத் தேடல் எண்ணைச் சொன்னால் பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள். காலேஜுக்குப் போன் போடுவதென்றால் நம் ஊரில் மாலை ஐந்தரை ஆகட்டும். அங்கே அப்போதுதான் காலை எட்டு.

கோடு தப்பாகிப் பணம் திரும்பி வந்தால் எந்த விலைக்கு ரூபாயாக்குவார்கள், நஷ்டம் யார் தலையில்? அடுத்த வாரம்.