கொல்லைப்புறத்தில் கட்டிய படகு: தண்ணீர் மேல் மணிக்கு 317 மைல் வேகம்!

ஆஸ்திரேலியாவில் உள்ள சிட்னி நகரம். அங்கே ஒரு சாதாரண வீடு. 1970-களின் தொடக்கத்தில், அந்த வீட்டின் கொல்லைப்புறத்தில் ஒருவர் பலகைகளை அறுத்து, இழைத்து, ஒட்டிக்கொண்டு இருந்தார்.

கொட்டகை கிடையாது. மழை வந்தால் தார்ப்பாயை இழுத்து மூடுவார். மழை விட்டதும் மீண்டும் வேலை தொடங்கும்.

அவர் கட்டியது மீன்பிடி படகு அல்ல. ஆகாய விமானத்தின் ஜெட் என்ஜினைப் பொருத்தி ஓட்டும் படகு! உலகத்தில் எவரும் தண்ணீர் மேல் போகாத வேகத்தில் போகவேண்டும் என்பது அவருடைய ஆசை.

அவர் பெயர் கென் வார்பி. அவர் பணக்காரர் அல்ல. கப்பல் கட்டும் கம்பெனி முதலாளியும் அல்ல. துளை போடும் மின்சாரக் கருவி, மரம் அறுக்கும் கருவி போன்றவற்றை விற்கும் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி.

ஆசைப்படுவதற்குப் பணம் தேவை இல்லை. ஆனால் இந்த ஆசைக்கு வேறு ஒரு விலை இருந்தது. அது உயிர்!

1930-ம் ஆண்டு இங்கிலாந்தில் விண்டர்மியர் ஏரியில் சர் ஹென்றி சீக்ரேவ் வேகப் படகு ஓட்டி மாண்டார். 1952-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் லாக் நெஸ் ஏரியில் ஜான் காப் மாண்டார். 1967-ம் ஆண்டு டொனால்டு கேம்பல் மாண்டார்.

கேம்பலின் கதை வார்பிக்கு மனப்பாடம். சிறு வயதில் இருந்தே கேம்பல்தான் அவருடைய கதாநாயகன்.

தண்ணீரா? கல்லா?

தண்ணீரில் வேகமாகப் போவதில் என்ன கஷ்டம்? பெரிய என்ஜினாகப் பார்த்து வைத்தால் போகாதா?

போகாது. தண்ணீர், காற்றைப்போல சுமார் 800 மடங்கு அடர்த்தி உடையது. படகு தண்ணீருக்குள் அமிழ்ந்து இருக்கும்வரை, என்ஜினின் சக்தி எல்லாம் தண்ணீரைப் பிளப்பதிலேயே செலவாகிவிடும். ஆகவே வேகப் படகு தண்ணீரைப் பிளந்துகொண்டு போகக்கூடாது. தண்ணீர் மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போகவேண்டும்.

குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து எறிந்தால் அது தத்தித் தத்திப் போகிறது அல்லவா? அதே மாதிரிதான். இத்தகைய படகுக்கு முன்னால் இரண்டு பக்கமும் இரண்டு மிதவைகள் இருக்கும். வேகம் கூடியதும், அந்த இரண்டு மிதவைகளும் பின்பக்கத்தில் ஒரு சிறு இடமும் மட்டுமே தண்ணீரைத் தொடும். மற்ற பாகம் முழுவதும் காற்றில் நிற்கும்.

இங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. படகின் அடியில் காற்று புகுந்து முன்பக்கத்தைத் தூக்கும். வேகம் 2 மடங்கு ஆனால், அந்தத் தூக்கும் விசை 4 மடங்கு ஆகிவிடும். அந்த வேகத்தில் சிறிய அலை ஒன்று குறுக்கிட்டாலும் போதும். புயலில் கூரை பிய்த்துக்கொண்டு போவதுபோல, படகின் மூக்கு எழும்பிவிடும். எழும்பினால் குட்டிக்கரணம்தான்! கீழே வந்து விழும்போது தண்ணீர், தண்ணீராக இருக்காது. கல்லாக இருக்கும்.

வேகத்தைக் கூட்டுவது பாதி வேலைதான். படகின் மூக்கை அடக்கி வைப்பது மீதிப் பாதி. கேம்பலின் முடிவைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும்.

நீலப் பறவை

டொனால்டு கேம்பல், வேகத்தில் பல சாதனைகள் செய்த சர் மால்கம் கேம்பலின் மகன். அவருடைய படகின் பெயர் 'புளூபேர்டு கே-7'. 'நீலப் பறவை' என்று பொருள். நோரிஸ் சகோதரர்கள் வரைந்து கொடுத்த படகு. முழுவதும் உலோகத்தால் ஆனது.

1955-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி, அல்ஸ்வாட்டர் ஏரியில் அந்தப் படகு மணிக்கு 202 மைல் வேகத்தில் சென்று உலக சாதனை படைத்தது. பிறகு 216 மைல், 225, 239, 248, 260 என்று படிப்படியாக ஏறியது. 1964-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி, ஆஸ்திரேலியாவில் டம்பிள்யுங் ஏரியில் 276 மைல். ஒரே படகில் 7 உலக சாதனைகள்! அதே 1964-ம் ஆண்டில் தரையிலும் காரில் 403 மைல் வேகம் போய், அந்த சாதனையையும் அவர் கையில் வைத்திருந்தார்.

ஒரேயடியாகத் தாவாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதற்கு ஒரு காரணமும் உண்டு. உல்லாச விடுதிகள் நடத்திய பில்லி பட்லின் என்ற செல்வர், சாதனை படைப்பவருக்கு ஆண்டுக்கு 5 ஆயிரம் பவுன் பரிசு அறிவித்து இருந்தார். இந்த ஆண்டே எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டால், அடுத்த ஆண்டு பரிசுக்கு என்ன செய்வது? கேம்பல் கணக்குத் தெரிந்தவர்தான்!

300 மைல் அவருடைய அடுத்த குறி. ஆனால் படகுக்கு வயதாகிவிட்டது. 1966-ம் ஆண்டு, பழைய என்ஜினைக் கழற்றிவிட்டு 'ஆர்பியஸ்' என்ற புதிய ஜெட் என்ஜினைப் பொருத்தினார். 'நாட்' என்ற சிறிய போர் விமானத்தில் உள்ள என்ஜின் அது. 1965-ம் ஆண்டு போரில் இந்திய விமானப் படை பயன்படுத்தியதும் இதே நாட் விமானத்தைத்தான். அந்த விமானமும், ஆர்பியஸ் என்ஜினும் நம் பெங்களூரிலும் தயாரிக்கப்பட்டன.

புதிய என்ஜினுக்கு பலம் அதிகம், எடை குறைவு. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பின்பக்கம் லேசாகிப்போனதால், படகு தண்ணீரைவிட்டு மேலே எழும்பவே மறுத்தது. பின்பக்கத்தில் மணல் மூட்டைகளைக் கட்டி ஓட்டிப் பார்த்தார்கள்! ஒன்றை மாற்றினால் ஒன்பது மாறும் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த விஷயம்.

இஸ்பேட் ராணி

இங்கிலாந்தில் கானிஸ்டன் ஏரி. குளிர்காலம். மழையும் காற்றுமாக வாரக்கணக்கில் காத்திருந்தார் கேம்பல். கையில் பணம் கரைந்துகொண்டே இருந்தது.

ஓட்டத்துக்கு முதல் நாள் இரவு சீட்டு விளையாடினார். இஸ்பேட் ராணியும், இஸ்பேட் ஆஸும் அடுத்தடுத்து வந்தன. கேம்பல் முகம் மாறினார். ஸ்காட்லாந்து ராணி மேரி, தலை வெட்டப்படுவதற்கு முன் எடுத்த சீட்டுகள் இவையே என்று கூட இருந்தவர்களிடம் சொன்னார். அவருக்கு சகுனத்தில் நம்பிக்கை அதிகம். பச்சை நிறத்தைக் கண்டால் ஆகாது.

1967-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி. காலை 9 மணிகூட ஆகவில்லை. ஏரி கண்ணாடிபோல் கிடந்தது.

உலக சாதனைக்கு ஒரு விதி உண்டு. குறிப்பிட்ட தூரத்தை ஒரு முறை கடந்தால் போதாது. ஒரு மணி நேரத்துக்குள் எதிர்ப்பக்கமாகவும் கடக்கவேண்டும். இரண்டு ஓட்டங்களின் சராசரிதான் கணக்கு.

முதல் ஓட்டம்: மணிக்கு 297 மைலுக்கும் அதிகம்! திரும்பி வரும்போது 303 மைல் வந்தால் போதும். 300 மைல் சாதனை கைக்குள்.

வழக்கமாக அவர் கரை ஒதுங்கி எரிபொருள் நிரப்புவார். அதற்குள் படகு கிளப்பிய அலைகளும் அடங்கிவிடும். அன்று அப்படிச் செய்யவில்லை. உடனே திரும்பினார். தண்ணீரில் அலை இன்னும் அடங்கவில்லை. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்ததால் படகும் லேசாகி இருந்தது.

வேகம் 328 மைலைத் தொட்டது. படகு அதிர்ந்தது. மூக்கு எழும்புகிறது என்று கேம்பல் ரேடியோவில் சொல்லிக்கொண்டு இருக்கும்போதே, படகு அப்படியே வானத்தை நோக்கி எழுந்து, பின்பக்கமாகக் கரணம் அடித்து, தண்ணீரில் மோதி உடைந்தது.

அந்த நேரத்தில் என்ஜின் விசை இழந்ததும் ஒரு காரணம் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். பின்னால் தள்ளும் விசை உள்ளவரை மூக்கு தாழ்ந்து நிற்கும். விசை நின்றால் அந்தப் பிடி போய்விடும்.

கேம்பலுக்கு வயது 45. அவர் எப்போதும் கூட வைத்திருக்கும் கரடிப் பொம்மை தண்ணீரில் மிதந்து வந்தது. அவர் வரவில்லை. 34 ஆண்டுகள் கழித்து, 2001-ம் ஆண்டில்தான் படகையும் அவர் உடலையும் ஏரியின் அடியில் இருந்து எடுத்தார்கள்.

மூன்று என்ஜின்கள், 300 டாலருக்கும் குறைவு!

இவ்வளவும் தெரிந்துதான் கென் வார்பி கொல்லைப்புறத்தில் படகு கட்டினார்.

படகின் படத்தை அவரே வரைந்தார். சட்டங்கள் மரம். மேலே ஒட்டுப்பலகை, ஃபைபர் கிளாஸ் பூச்சு. நீளம் சுமார் 27 அடி. என்ஜினுக்கு எங்கே போவது? ஆஸ்திரேலிய விமானப் படை பழைய ஜெட் என்ஜின்களை ஏலம் விட்டது. மூன்று என்ஜின்களை வாங்கினார். மூன்றும் சேர்ந்து 300 டாலரைத் தாண்டவில்லை! பழைய இரும்புக்கடைச் சரக்குதான். அவரே பிரித்து, துடைத்து, ஓட வைத்தார்.

செலவுக்குப் பணம் வேண்டுமே! வார்பி ஓவியமும் தீட்டுவார். கடைவீதிகளில் படங்களை விற்று அந்தப் பணத்தைப் படகில் போட்டார். படகுக்கு 'ஆஸ்திரேலியாவின் ஆன்மா' என்று பொருள்படும்படி 'ஸ்பிரிட் ஆப் ஆஸ்திரேலியா' எனப் பெயர் வைத்தார்.

முதலில் படகை வால் இல்லாமலே ஓட்டினார். முடுக்குவார். படகு என்ன செய்கிறது என்று உட்கார்ந்த இடத்தில் உணர்வார். கரைக்கு வந்து மாற்றுவார். மறுபடி ஓட்டுவார். ஒரே வாரத்தில் அல்ல. ஆண்டுக்கணக்கில் இப்படி!

வேகம் கூடக்கூட, கை அனுபவம் மட்டும் போதாது என்று தெரிந்தது. அப்போது பேராசிரியர் டாம் பிங்க் துணைக்கு வந்தார். சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் என்ஜினீயரிங் பேராசிரியர். முன்பு கேம்பலின் நீலப் பறவைக்காக ஆராய்ச்சி செய்தவரும் அவர்தான்! காற்றைச் செலுத்திச் சோதிக்கும் கூடத்தில் வைத்துப் பார்த்துத் திருத்தங்கள் சொன்னார்.

படகின் பின்னால் விமானத்துக்கு உள்ளதுபோல வால் வந்தது. பட்டத்துக்கு வால் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று எந்தச் சிறுவனும் சொல்வான். அதே வேலையைத்தான் இந்த வாலும் செய்தது. படகு பக்கவாட்டில் அலையாமலும், மூக்கு நிமிராமலும் பிடித்து வைத்தது.

1977-ம் ஆண்டு நவம்பர் 20-ந் தேதி, மலைகளுக்கு நடுவே உள்ள புளோரிங் அணையில் வார்பி மணிக்கு 288 மைல் வேகம் சென்றார். உலக சாதனை! கேம்பலின் பழைய சாதனையை 1967-ம் ஆண்டு ஜூன் மாதம் 285 மைல் போய் முறியடித்த அமெரிக்கர் லீ டெய்லரை, இப்போது வார்பி முந்திவிட்டார்.

அதோடு அவர் நிற்கவில்லை. கேம்பல் தொட முயன்ற 300 மைல் இன்னும் பாக்கி இருந்தது.

1978-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி. அதே அணை. போக ஒரு ஓட்டம், வர ஒரு ஓட்டம். இரண்டின் சராசரி 317.6 மைல்! அதாவது மணிக்கு 511 கிலோ மீட்டர். கடற்கரையில் சுற்றுலாப் பயணிகள் ஓட்டும் நீர் ஸ்கூட்டரைவிட நாலைந்து மடங்கு வேகம்.

வார்பி கரைக்கு வந்தார். காயம் இல்லை. வயது 39.

பிறகு முயன்றவர்கள்

அந்த சாதனையை முறியடிக்க இரண்டு அமெரிக்கர்கள் முயன்றார்கள். இழந்த பட்டத்தை மீட்க லீ டெய்லர் ராக்கெட் படகு ஒன்றைக் கட்டினார். 1980-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி டாஹோ ஏரியில் படகு சிதறியது; அவர் இறந்தார். 1989-ம் ஆண்டு ஜூலை மாதம் புளோரிடாவில் கிரெய்க் ஆர்பன்ஸ் ஜெட் படகில் சென்றார். படகு எகிறிக் கவிழ்ந்து அவரும் இறந்தார். இருவரிடமும் வார்பியைவிட அதிகப் பணம் இருந்தது. என்ஜினும் குறைந்தது அல்ல.

வார்பி 2023-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், தமது 83-வது வயதில் காலமானார். அதுவரையிலும் அவருடைய சாதனையை யாரும் அசைக்கவில்லை. கொல்லைப்புறத்துப் படகு சிட்னியில் உள்ள ஆஸ்திரேலியக் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. கேம்பலின் நீலப் பறவையோ செப்பனிடப்பட்டு, 2018-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் ஒரு ஏரியில் மீண்டும் ஓடிக் காட்டியது. 2024-ம் ஆண்டு கானிஸ்டன் ஊர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது.

வார்பியின் மகன் டேவிட், தந்தையோடு சேர்ந்து இன்னொரு படகு கட்டினார். 'ஸ்பிரிட் ஆப் ஆஸ்திரேலியா-2' என்று பெயர். தந்தையின் சாதனையை மகன் முறியடிக்கவேண்டும் என்பது இருவரின் ஆசை. புளோரிங் அணையிலேயே சோதனை ஓட்டங்களும் நடந்தன. அந்தப் படகில் அவர்கள் பொருத்திய என்ஜின், 'ஆர்பியஸ்'!