பார்க்காத துறையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மருத்துவராக விரும்பும் நண்பர்களிடம் எந்தத் துறை பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். இதயம், அறுவை சிகிச்சை, குழந்தை நலம் என்று பதில் வரும். கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவம் என்று சொல்பவர் அரிது. ஆனால், புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை தேவைப்படும் என்று நிபுணர்கள் மதிப்பிடுகிறார்கள். பிறகு ஏன் இந்தத் துறை மாணவர் கண்ணில் படுவதில்லை?

முதலில் சிகிச்சை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். நேரியல் முடுக்கி என்னும் கருவி, எலெக்ட்ரான்களை மிக வேகமாகச் செலுத்தி டங்ஸ்டன் உலோகத்தில் மோதவிடுகிறது. அப்போது ஆற்றல் மிகுந்த எக்ஸ்-கதிர்கள் உண்டாகின்றன. அவை உயிரணுக்களின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகின்றன. நலமான உயிரணுக்கள் அந்தச் சேதத்தைப் பெரும்பாலும் சரிசெய்துகொள்ளும். புற்றுநோய் உயிரணுக்களுக்கு அந்தத் திறன் குறைவு. அதனால்தான் முழு அளவையும் ஒரே நாளில் கொடுக்காமல் பல நாள்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

இந்த அளவுக்கு அலகு 'கிரே'. 1 கிலோகிராம் திசு 1 ஜூல் ஆற்றலை ஏற்றால் அது 1 கிரே. மார்பகப் புற்றுநோய்க்கு நெடுங்காலம் வழக்கத்தில் இருந்த முறை, நாளுக்கு 2 கிரே வீதம் 25 முறை, மொத்தம் 50 கிரே.

பல மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு கீழ்த்தளத்தில், தடித்த கான்கிரீட் சுவர்களுக்குள் இருக்கிறது. மருத்துவ மாணவர்கள் பெரும்பாலும் வார்டுகளில் பயிற்சி பெறுவதால், பல நாடுகளில் அவர்கள் இங்கே வருவதே குறைவு. போதாக்குறைக்கு, நோயாளியின் உடலில் கதிர்வீச்சு தங்கிவிடும் என்ற பயம் வேறு. வெளியிலிருந்து எக்ஸ்-கதிர் பாய்ச்சும் சிகிச்சையில் அப்படி எதுவும் தங்குவதில்லை. விளக்கை அணைத்தால் வெளிச்சம் போவதுபோல, கருவியை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும்.

இங்கேதான் வழிகாட்டி மருத்துவர் தேவைப்படுகிறார். ஆர்வமுள்ள மாணவரைக் கூடவே வைத்துக்கொண்டு, ஒரு நோயாளியின் முதல் ஆலோசனை முதல் சிகிச்சை முடியும்வரை காட்டுகிறார். சி.டி. ஸ்கேன் படங்களில் கட்டி எங்கே முடிகிறது, காப்பாற்ற வேண்டிய உறுப்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு வரைவது இத்துறையின் முக்கிய வேலை. மாணவரை முதலில் வரையச் சொல்வார். பிறகு தம் கோட்டை அதன்மேல் வைத்து, "ஏன் இங்கே நிறுத்தினீர்கள்?" என்று கேட்பார். கோடு சில மில்லிமீட்டர் குறைந்தால் நோய் மிஞ்சலாம். கூடினால் தண்டுவடமோ கண்ணோ பாதிக்கப்படலாம். இந்தக் கணிப்பு புத்தகம் படித்து மட்டும் வருவதில்லை. "எனக்குக் குணமாகுமா, டாக்டர்?" என்று கேட்கும் நோயாளியிடம் உண்மையைக் கனிவாகச் சொல்லும் விதமும் அப்படித்தான்.

துல்லியம் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1950களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில், மருத்துவர் ஹென்றி கப்லான், இயற்பியலாளர் எட்வர்ட் கின்ஸ்டனுடன் சேர்ந்து உருவாக்கிய நேரியல் முடுக்கியால், கண்ணில் புற்றுநோய் வந்த ஒரு சிறுவனுக்குச் சிகிச்சை அளித்தார். அவனுடைய ஒரு கண்ணை ஏற்கெனவே அகற்றியிருந்தார்கள். மிஞ்சிய கண்ணின் பார்வை காப்பாற்றப்பட்டது.

மலேசியாவில் இந்தத் துறைக்குப் போகும் பாதை நீளமானது. மருத்துவப் படிப்பு 5 ஆண்டு, ஹவுஸ்மேன் பயிற்சி 2 ஆண்டு, அதற்குப் பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் மருத்துவ முதுகலைப் படிப்பு 4 ஆண்டு. கூட்டினால் 11. இடையில் மருத்துவ அதிகாரியாகப் பணியாற்றும் காலம் தனி. பணம் இருந்தால் கருவியை வாங்கிவிடலாம். அதைக் கொண்டு யாருக்கு, எங்கே, எவ்வளவு என்று முடிவெடுக்கும் மருத்துவர் உருவாகப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. இன்று ஒரு மாணவர் இத்துறையைப் பார்க்காமல் போனால், அந்த இழப்பு பல ஆண்டு கழித்துத்தான் நோயாளிகளுக்குத் தெரியும்.

மாணவர்களே, படிவம் 4 உயிரியலில் வரும் உயிரணுப் பிரிவும் படிவம் 5இல் வரும் அணுக்கரு இயற்பியலும் இந்த ஒரே துறையில் சந்திக்கின்றன. இரண்டு பாடமும் பிடிக்கும், எதை விடுவது என்று குழம்புகிறீர்களா? இந்தத் துறையில் எதையும் விட வேண்டியதில்லை. நாளை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தால், யாராவது அழைப்பார்கள் என்று காத்திராமல், "ஒருநாள் உங்களுடன் வந்து பார்க்கலாமா, டாக்டர்?" என்று நீங்களே போய்க் கேளுங்கள்.