நிழலைப் பார், அப்புறம் டியூபைப் பார்!

கோடை விடுமுறைக்கு ஊட்டி போய் வந்த குடும்பங்களின் போட்டோக்களை வரிசையாகத் தள்ளிப் பாருங்கள். முதல் நாள் ஏரிக்கரையில் ஸ்வெட்டரும் சிரிப்புமாக நிற்கும் அத்தை, மறுநாள் தொட்டபெட்டாவில் மூக்கும் கன்னமும் செக்கச்செவேலென்று நிற்பார். குடும்பத்திலேயே அவர்தான் நல்ல வெளுப்பு. எந்த சோப்பு போட்டாலும் அரிக்கிறது என்று புலம்புகிறவரும் அவர்தான். “ஜில்லுன்னுதானே இருந்துச்சு, வெயிலே அடிக்கலையே!” என்று ஆச்சரியப்படுவார்.

தோலை எரிப்பது சூடு அல்ல, புற ஊதாக் கதிர். அது கண்ணுக்கும் தெரியாது, உடம்புக்கும் உறைக்காது. ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் அதன் வீரியம் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறுகிறவர் புழுக்கத்தைக் கீழே விட்டுவிட்டு, கதிரை ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டு மேலே போகிறார். லேசான மேகமூட்டத்தை நம்பியும் பயனில்லை. பெரும்பகுதி ஊடுருவி வந்துவிடும்.

கதிரின் கடுமையைத் தெரிந்துகொள்ள கருவி எதுவும் வேண்டாம், காலடியைப் பார்த்தால் போதும். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் கதிர் கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம். சென்னையில் ஏப்ரல் 24, 25 வாக்கிலும், மறுபடி ஆகஸ்ட் 18 வாக்கிலும் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து நிற்கும்; நிழல் காலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். கன்னியாகுமரிக்கு இது ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே வந்துவிடும். அக்னி நட்சத்திரம் பிறக்க அப்போது இன்னும் மூன்று வாரம் இருக்கும். சரி, மார்கழியில்? டிசம்பர் கடைசியில் சென்னை உச்சிப்பொழுதில் ஐந்தடி ஆளின் நிழல் நாலடிகூட வராது. நண்பகல் நிழல் ஆளைவிட நீளமாக விழும் மாதம் என்று ஒன்று தமிழ்நாட்டுக் காலண்டரிலேயே கிடையாது.

ஆனால் சன்ஸ்கிரீன் விளம்பரம் மார்ச்சில் வந்து ஜூனில் போய்விடுகிறது.

யாருக்கு மருந்து, யாருக்கு மேக்கப்?

தோலை வெயிலுக்கு அது காட்டும் எதிர்வினையை வைத்து ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள். 1975-ல் அமெரிக்காவில் தொடங்கிய வகைப்பாடு இது. எப்போதும் சிவந்து எரியும், கறுக்கவே கறுக்காது என்பது முதல் வகை. எரியவே எரியாத ஆழ்ந்த கறுப்பு ஆறாவது. நம் ஊரில் பெரும்பாலானோர் நான்கிலிருந்து ஆறுக்குள் அடங்கிவிடுவோம். நமக்குத் தோலிலேயே ஒரு குடை இருக்கிறது. அதன் பெயர் மெலனின்.

அந்தக் குடை இல்லாதவர்களும் நம் தெருவில்தான் இருக்கிறார்கள். பிறவியிலேயே நிறமி உருவாகாத அல்பினிசம் உள்ளவர்கள் ஒரு வகை. தலைமுடி, புருவம், இமை எல்லாம் வெளுத்து, வெளிச்சத்தில் கண் கூசுகிறவர்கள். அப்பா, அம்மா இருவருமே அந்த மரபணுவை மறைவாகச் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்திலேயே கல்யாணம் முடிக்கும் வழக்கம் அந்த வாய்ப்புக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. அடுத்து, வெண்புள்ளி வந்தவர்கள். உடம்பு மாநிறமாக இருந்தாலும் நிறமி போன திட்டுகள் மட்டும் நெருப்புப் பட்டதுபோல் சிவக்கும். இவர்கள் தவிர, பிறவியிலேயே வெளுத்த மென்தோல்காரர்கள், முகப்பருவுக்கு ரெட்டினாய்டு பூசுகிறவர்கள், டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரை சாப்பிடுவதால் தற்காலிகமாக வெயில் ஒத்துக்கொள்ளாதவர்கள் என்று பட்டியல் நீளும்.

கறுத்துவிடுவோமோ என்ற பயத்தில் வாங்குகிறவர்கள்தான் இங்கே பெரிய மார்க்கெட். எரியாமல் இருக்க வாங்குகிறவர்கள் அந்த மார்க்கெட்டின் கடைக்கோடியில் நிற்கிறார்கள். இந்தியச் சட்டப்படி சன்ஸ்கிரீன் அழகுசாதனப் பொருள்தான். கடைக்காரரும் அதை சோப்பு, பவுடர் வரிசையில்தான் அடுக்குகிறார்.

டியூபின் முதுகில் என்ன இருக்கிறது?

முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் எஸ்.பி.எஃப். எண், தோலைச் சிவக்க வைக்கும் யுவி-பி கதிருக்கான கணக்கு. 15 என்றால் சுமார் 93 சதவீதம் தடுக்கும், 30 என்றால் 97, 50 என்றால் 98. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே ஒரே ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். உள்ளே நுழையும் கதிரைக் கணக்குப் பண்ணினால் மூன்று பங்கு வருவதற்கும் இரண்டு பங்கு வருவதற்கும் உள்ள வித்தியாசம். மாநிறக்காரருக்கு 30 தாராளம். அல்பினிசம் உள்ளவருக்கு 50-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

யுவி-ஏ கதிர் இன்னும் ஆழமாகப் போகும், ஜன்னல் கண்ணாடியையும் தாண்டும். பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்து மூன்று மணி நேரம் போகிறவருக்கு இதுதான் வில்லன். இதற்கான அடையாளம் ‘பி.ஏ.’ என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் நிற்கும் கூட்டல் குறிகளும். ஜப்பானில் பிறந்த முறை. நான்கு கூட்டல் இருந்தால் உச்சம். பி.ஏ. போடாத டியூபில் ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்றாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

மென்தோல்காரர்கள் பின்பக்கத்தைப் பொடி எழுத்து வரை படிக்க வேண்டும். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு இரண்டும் தாது வகை. தோலின் மேலேயே தங்கும், அலர்ஜி அபூர்வம். பூசினால் முகம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துத் தெரியும் என்பதுதான் குறை. மாநிறத்துக்கு அது உறுத்தும், வெள்ளைத் தோலில் தெரியவே தெரியாது. ஆக, யாருக்கு அவசியமோ அவர்களுக்கு இது பொருத்தமாகவே அமைந்துவிடுகிறது. ஆக்ஸிபென்ஸோன் போன்ற ரசாயன வடிகட்டிகள் பூசியதும் கண்ணாடிபோல மறைந்துவிடும். ஆனால் அலர்ஜி கிளப்புவதில் ஆக்ஸிபென்ஸோனுக்குப் பழைய பெயர் உண்டு. வாசனை சேர்த்தது எதுவும் வேண்டாம். புது டியூப் வாங்கினால் முழங்கையின் உட்பக்கம் ஒரு பொட்டு தடவி, நாலைந்து நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். இளஞ்சிவப்பாக இருக்கும் காலமைன் லோஷனில் ஜிங்க் ஆக்சைடு இருக்கிறது, அதனால் அதுவே போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது அரிப்புக்கான மருந்து, வெயிலுக்கானது அல்ல.

சமையலறை வைத்தியத்துக்கும் ஓர் எச்சரிக்கை. முகம் ‘பளிச்’சென்று இருக்க எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் போனால், அதிலுள்ள சோரலென் என்ற பொருள் கதிரோடு சேர்ந்து தோலைக் கொப்பளிக்க வைக்கலாம். குளியல் பொடியில் சேர்க்கும் கார்போகரிசியிலும் அதே சோரலென்தான். வெண்புள்ளிக்கு அதை வைத்தே மருத்துவம் பார்க்கிறார்கள். ஆனால் கதிரை நிமிடக் கணக்கில் அளந்து காட்டும் மருத்துவம் அது. மொட்டை மாடியில் நாமாகச் செய்து பார்க்கிற சமாச்சாரம் இல்லை.

நாலு நாள் டியூப்

மெடிக்கல் ஷாப் கவுன்டரில் அடிக்கடி பார்க்கிற காட்சி இது. “இதுலயே சின்ன டியூப் இருக்காண்ணே?” என்று ஓர் அம்மா கேட்பார். பக்கத்தில் நிற்கும் பையனின் முன்கையில் வெள்ளை முடி, மணிக்கட்டில் சிவந்த திட்டு. அண்ணன் இருப்பதிலேயே சின்னதை எடுத்துக் கொடுப்பார். அம்மா விலையைப் பார்த்துவிட்டு, “லேசாத் தடவினா ரெண்டு மாசம் வரும்ல?” என்பார். ஃபேர்னஸ் க்ரீமைப் பொட்டுப் பொட்டாக வைத்துத் தேய்த்துப் பழகிய வீடுகள் நம்முடையவை. சன்ஸ்கிரீனுக்கும் அதே சிக்கனம்தான்.

டியூபில் அச்சடித்த எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்து வந்தது. நிஜத்தில் ஆட்கள் பூசுவது அதில் கால் பங்கிலிருந்து பாதி வரைதான். அளவு குறையக் குறையப் பாதுகாப்பும் இறங்கும். ஐம்பது என்று வாங்கியது தோலில் ஐம்பதாக இருக்காது.

கணக்குப் போடுவோம். பத்து வயதுக் குழந்தையின் மொத்தத் தோல் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர், அதாவது 10,000 சதுர சென்டிமீட்டர். அரைக்கை சட்டை, டிரவுசர் போட்டால் முகம், கழுத்து, கைகள், முழங்காலுக்குக் கீழே என்று கிட்டத்தட்ட 30 சதவீதம் வெளியே தெரியும். ஒரு தடவை ஒழுங்காகப் பூச 6 கிராம் வேண்டும். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை என்றால் 12 கிராம். 50 கிராம் டியூப் நாலு நாளில் காலி. ஒரு டியூப் சில நூறு ரூபாய். எந்தக் கூலி வீட்டில் இது கட்டுப்படியாகும்?

அதே குழந்தைக்கு முழுக்கை சட்டை, முழு பேன்ட், அகலமான விளிம்பு வைத்த தொப்பி போடுங்கள். வெளியே தெரிவது பத்து சதவீதத்துக்குள் சுருங்கும். இரண்டு வேளைக்கும் சேர்த்து 4 கிராம். அதே டியூப் பன்னிரண்டு நாள் வரும். இருந்த துணியை மாற்றியதில் பாதுகாப்பும் மிச்சமாயிற்று, பணமும் மிச்சமாயிற்று.

துணியில் எது நல்லது? வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். விரல்கள் தெரிந்தால் அது சரிப்படாது. மெல்லிய வெள்ளைப் பருத்தி நினைக்கிற அளவு காப்பதில்லை. வியர்வையில் நனைந்துவிட்டால் இன்னும் மோசம். நெருக்கமாக நெய்த, அடர்நிறத் துணி நல்லது. அதையே தளர்வாகத் தைத்தால் புழுக்கமும் குறையும். குடையும் உள்பக்கம் கறுப்பாக இருப்பதே மேல். மணல் கதிரைத் திருப்பி அடிக்கும் என்பதால் மெரினாவில் குடைக்குக் கீழே இருந்தாலும் முகத்துக்குக் க்ரீம் வேண்டும்.

நல்ல சன்ஸ்கிரீனைச் சரியாகப் பூசினாலே போதும் என்று சொல்லும் டாக்டர்கள் உண்டு. சரியாகப் பூசினால் போதும்தான். மூடியே வைத்தால் வைட்டமின் டி என்னாவது என்றும் கேட்பார்கள். அதற்கு மாத்திரை இருக்கிறது.

மைதானத்தில் நிற்கும் குழந்தை

இவ்வளவும் பெரியவர்களுக்குச் சரி. அவர்கள் வேலையை முன்னே பின்னே தள்ளிக்கொள்வார்கள், துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்துக் குழந்தை என்ன செய்யும்? இந்தக் கட்டுரைக்காகத் தகவல் திரட்டத் திரட்ட என்னை அரித்தது இந்த ஒரு கேள்விதான்.

நம் பள்ளிகளில் பெரும்பாலும் யூனிஃபார்ம் என்றால் அரைக்கைதான். தொப்பி யூனிஃபார்மில் சேர்த்தி இல்லை. போட்டு வந்தால் ‘என்ன ஸ்டைலா?’ என்று கழற்றச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. காலை பிரேயர் மைதானத்தில். பி.டி. பீரியட் பதினொரு மணிக்கோ இரண்டு மணிக்கோ எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. விளையாட்டு விழா ஒத்திகை என்றால் கேட்கவே வேண்டாம். மாநிறக் குழந்தைக்கு இதில் தலைவலி வரும், தாகம் வரும், வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும். நிறமி இல்லாத குழந்தைக்கு ஒவ்வொரு நாளும் தோலில் கணக்கு ஏறிக்கொண்டே போகும். வெப்ப நாடுகளில் அல்பினிசம் உள்ளவர்களுக்கு இளம் வயதிலேயே தோல் புற்றுநோய் வருவதற்குக் காரணம், இப்படிச் சேர்ந்துகொண்டே போகும் வெயில்தான். காதுமடல், கழுத்துப் பின்புறம், உதடு என்று நாம் பூச மறக்கும் இடங்களில்தான் அது அதிகம் பிடிக்கும்.

வெயிலோடு மல்லுக்கட்டிய ஆஸ்திரேலியாவில் 1981-ல் தொடங்கிய பிரசாரம் மூன்றே கட்டளை சொன்னது: சட்டையை மாட்டு, க்ரீமைப் பூசு, தொப்பியைப் போடு. க்ரீமுக்கு முன்னால் சட்டை. அங்கே எத்தனையோ தொடக்கப்பள்ளிகளில் இன்றைக்கும் விதி இதுதான்: தொப்பி இல்லையென்றால் விளையாட்டு கிடையாது. அங்கே தொப்பி இல்லாதவனை மைதானத்தில் விடுவதில்லை. இங்கே தொப்பி போட்டவனை வரிசையில் விடுவதில்லை. தான்சானியாவில், கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில், அல்பினிசம் உள்ளவர்களுக்கென்றே சன்ஸ்கிரீன் தயாரித்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். நம்மைவிட வசதி குறைந்த நாடு அது.

நம் பள்ளிகளிடம் கேட்க வேண்டியதில் பெரும்பாலானவற்றுக்குக் காசே செலவில்லை. வெண்தோல் குழந்தைக்கும் வெண்புள்ளி வந்த குழந்தைக்கும் முழுக்கை யூனிஃபார்ம், தொப்பி, கறுப்புக் கண்ணாடி அனுமதி. பிரேயரில் மரத்தடியிலோ வராந்தாவிலோ ஓர் இடம். பி.டி. பீரியட் காலை ஒன்பதரைக்கு முன்னாலோ மாலை மூன்றரைக்குப் பிறகோ. தண்டனை என்று யாரையும் வெயிலில் நிறுத்துவதில்லை என்ற முடிவு. மதிய உணவுக்குப் பிறகு அந்தக் குழந்தை இன்னொரு தடவை க்ரீம் பூசிக்கொள்ள இரண்டு நிமிடம். காசு செலவாகும் ஒரே இடம் சன்ஸ்கிரீன். அதை அழகுசாதன அலமாரியிலிருந்து இறக்கி, அரசு மருத்துவமனை மருந்துச் சீட்டில் ஏற்றினால் அதுவும் தீரும்.

2015 முதல் ஜூன் 13-ம் தேதி சர்வதேச அல்பினிசம் விழிப்புணர்வு நாள். நம் ஊரில் பள்ளிகள் திறந்து சில நாட்களே ஆகியிருக்கும் நேரம். புது யூனிஃபார்ம், புது டைம்டேபிள், புது வகுப்பாசிரியர் எல்லாம் முடிவாகும் வாரம். வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருந்தால், புத்தகத்துக்கு அட்டை போடும் அன்றைக்கே தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். டாக்டர் சீட்டையும் இணைத்துக் கொடுத்து, கையெழுத்துப் போட்ட நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.