சமயப் பெண்கள் இதழின் இலச்சினை மாற்றமும் வாசகர் எதிர்வினையும்

லோகோ எனப்படும் இலச்சினை ஓர் இதழின் முகம் ஆகும். இதழின் பெயர், அது எழுதப்படும் எழுத்து வடிவம், உடன் வரும் சின்னம், பெயருக்குக் கீழே அச்சிடப்படும் குறிக்கோள் வாசகம் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். வணிக இதழ் ஒன்று இலச்சினையை மாற்றினால் வாசகர்கள் பெரும்பாலும் அழகு பற்றியே பேசுவர். சமயம் சார்ந்த பெண்கள் இதழில் இதே மாற்றம் நிகழும்போது கேள்வி வேறாகிறது. இந்த இதழ் யாருடையது, யார் சார்பில் பேசுகிறது, அதன் முகத்தை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு என்று வாசகர்கள் கேட்கத் தொடங்குகின்றனர்.

இதை விளங்கிக்கொள்ள உதவும் சிறந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, அமெரிக்காவின் யூட்டா பகுதியில் மோர்மன் பெண்கள் நடத்திய 'உமன்ஸ் எக்ஸ்போனென்ட்' இதழும் அதன் வழிவந்த இதழ்களும் ஆகும். நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட இந்த வரலாற்றில் குறிக்கோள் வாசகம் மாறியது, பெயர் மறைந்தது, இதழே நின்றது, பின்னர் பழைய பெயர் மீண்டும் எழுந்தது.

இதழின் தோற்றம்

மோர்மன்கள் எனப் பொதுவாக அழைக்கப்படுவோரின் திருச்சபை, 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பதாகும். இச்சபையின் பெண்கள் அமைப்பான ஒத்தாசைச் சங்கம் 1842 மார்ச் 17 அன்று இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரில் தொடங்கப்பட்டது. பின்னர் சபையினர் மேற்கு நோக்கி இடம்பெயர்ந்து யூட்டாவில் குடியேறினர்.

அங்கு, சால்ட் லேக் சிட்டி நகரில், 1872 ஜூன் 1 அன்று 'உமன்ஸ் எக்ஸ்போனென்ட்' இதழின் முதல் பிரதி வெளிவந்தது. எக்ஸ்போனென்ட் என்றால் ஒரு கருத்தை எடுத்துரைப்பவர் என்று பொருள். முதல் ஆசிரியர் லூலா கிரீனுக்கு அப்போது வயது 23. இதழ் எட்டுப் பக்கங்களுடன் மாதம் இருமுறை வந்தது. இதற்குச் சபைத் தலைவர் பிரிகாம் யங்கின் ஒப்புதலும் ஒத்தாசைச் சங்கத்தின் ஆதரவும் இருந்தன. எனினும் இது சபையின் அதிகாரப்பூர்வ ஏடு அன்று. பெண்களே எழுதி, பெண்களே நடத்தி, சந்தா மூலம் தாங்கிய இதழ் ஆகும். பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு முக்கியமானது.

அக்காலத்தில் மோர்மன்களிடையே பலதார மணம் வழக்கில் இருந்தது. அதனால் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிப் பத்திரிகைகள் யூட்டாப் பெண்களை அடிமைப்பட்டவர்களாகவும் சொந்தக் கருத்து அற்றவர்களாகவும் சித்திரித்தன. அதே யூட்டாவில் பெண்கள் 1870ஆம் ஆண்டிலேயே வாக்குரிமை பெற்று வாக்களித்தும் வந்தனர். தங்களைப் பற்றிப் பிறர் எழுதியதற்குத் தாங்களே பதில் எழுத வேண்டும் என்ற தேவையே இதழுக்கு அடிப்படையாக அமைந்தது.

1879: இரு திசை நோக்கிய வாசகம்

1877 முதல் இதழின் ஆசிரியராக இருந்தவர் எம்மலின் வெல்ஸ். அதற்கு முன் பிளான்ச் பீச்வுட் என்ற புனைபெயரில் பெண்ணுரிமை பற்றி எழுதி வந்த வாசகர்-எழுத்தாளர் அவர். 1879 ஜனவரியில் வாஷிங்டனில் நடைபெற்ற தேசியப் பெண்கள் வாக்குரிமைச் சங்க மாநாட்டில் யூட்டாப் பெண்களின் சார்பில் கலந்துகொண்டார்.

அதே 1879ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இதழின் தலைப்பில் ஒரு குறிக்கோள் வாசகம் இடம்பெற்றது. சீயோன் பெண்களின் உரிமைகளையும் அனைத்து நாட்டுப் பெண்களின் உரிமைகளையும் அது ஒருங்கே முழங்கியது. சீயோன் என்பது மோர்மன்கள் தங்கள் சமய சமூகத்தைக் குறிக்கப் பயன்படுத்தும் விவிலியப் பெயர்.

இவ்வாசகத்தின் முதல் பாதி சமூகத்தின் உள்ளே இருந்த வாசகிகளை நோக்கியது. நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமல் உரிமை கேட்கலாம் என்று அவர்களுக்கு உறுதி கூறியது. இரண்டாம் பாதி வெளியே இருந்த வாக்குரிமைப் போராளிகளை நோக்கியது. நாங்களும் உங்களில் ஒருவர் என்று அது அறிவித்தது.

இதற்கு எதிர்ப்பும் அதே நகரில் எழுந்தது. பலதார மணத்தை எதிர்த்த பெண்கள் 1880இல் 'ஆன்ட்டி-பாலிகமி ஸ்டாண்டர்ட்' என்ற தனி இதழைத் தொடங்கினர். அதன் தலைப்பில் இடம்பெற்றது, ஒரு கணவனுக்கு ஒரு மனைவி என்ற கருத்துடைய விவிலிய வசனம் (1 கொரிந்தியர் 7:2). ஒரே நகரில் இரண்டு பெண்கள் இதழ்கள். இரண்டும் பெண்களின் நலனுக்காகவே பேசுவதாகக் கூறின. இரண்டுக்கும் இடையிலான வழக்கு அவற்றின் தலைப்பு வரிகளிலேயே தெரிந்தது. தலைப்பில் அச்சிடப்படும் ஒரு வரி அலங்காரம் மட்டுமன்று என்பதற்கு இது நல்ல சான்று.

வாக்குச்சீட்டு தலைப்பில் ஏறியது

1887இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய எட்மண்ட்ஸ்-டக்கர் சட்டம் யூட்டாப் பெண்களின் வாக்குரிமையைப் பறித்தது. மோர்மன் அல்லாத பெண்களும் இதில் தப்பவில்லை. 1890இல் சபை பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 1896இல் யூட்டா மாநிலத் தகுதி பெற்றபோது, பெண்களின் வாக்குரிமையும் அதன் அரசமைப்பு வழியாக மீண்டும் கிடைத்தது.

இதன் பின்னர் இதழின் தலைப்பு வாசகம் மாற்றப்பட்டது. யூட்டாப் பெண்களின் கையிலுள்ள வாக்குச்சீட்டு வீட்டையும் மாநிலத்தையும் நாட்டையும் மேம்படுத்தும் ஆற்றலாக இருக்க வேண்டும் என்பது புதிய வாசகத்தின் பொருள். பழைய வாசகம் உரிமையை நோக்கிய குரல். புதியது உரிமையைப் பெற்றவரின் பொறுப்பைக் கூறியது. வாசகிகளின் வாழ்க்கையில் நடந்த மாற்றத்தைத் தலைப்பு பின்தொடர்ந்தது என்று இதைக் கொள்ளலாம். மாற்றியவர் அவர்களுடன் சேர்ந்து போராடிய ஆசிரியர். எதற்காக மாற்றினார் என்பதும் அவர்கள் அனுபவத்திலேயே இருந்தது.

1914: பெயர் மறைதல்

எம்மலின் வெல்ஸ் 1910இல் ஒத்தாசைச் சங்கத்தின் தலைவரானார். அப்போது அவருக்கு வயது 80ஐக் கடந்திருந்தது. தம் இதழைச் சங்கத்தின் அதிகாரப்பூர்வ ஏடாக ஏற்கச் செய்ய அவர் விரும்பினார், அது கைகூடவில்லை. 1914 பிப்ரவரியுடன் 'உமன்ஸ் எக்ஸ்போனென்ட்' நின்றது. அவ்விதழ் 41 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்திருந்தது. அவற்றுள் ஏறத்தாழ 37 ஆண்டுகள் வெல்ஸின் பொறுப்பில் கழிந்தவை.

1915 ஜனவரியில் 'ரிலீஃப் சொசைட்டி மேகசின்' (ஒத்தாசைச் சங்க இதழ்) தொடங்கியது. அதன் ஆசிரியர் பிரிகாம் யங்கின் மகள் சூசா யங் கேட்ஸ். பழைய பெயரில் பேசுபவள் ஒரு பெண்; புதிய பெயரில் பேசுவது ஓர் அமைப்பு. ஆயினும் மாதாந்தரப் பாடங்கள், கதைகள், கவிதைகள், இல்லக் குறிப்புகள் எனப் பெண்களே எழுதிப் பெண்களே தொகுத்த இதழாகவே அதுவும் வளர்ந்தது.

கோதுமைக் கதிர்: உழைப்பிலிருந்து பிறந்த சின்னம்

ஒத்தாசைச் சங்கத்தின் சின்னத்தில் கோதுமைக் கதிர்கள் இடம்பெறுகின்றன. வெளியாள் ஒருவருக்கு இது விளைச்சலின் பொது அடையாளமாகத் தோன்றலாம். உறுப்பினர்களுக்கு அது ஒரு குறிப்பிட்ட வரலாறு.

1876இல் பஞ்ச காலத்திற்கெனத் தானியம் சேமிக்கும் பணியைப் பிரிகாம் யங் பெண்களிடம் ஒப்படைத்தார். அதற்குத் தலைமை தாங்கியவரும் எம்மலின் வெல்ஸே. பெண்கள் அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய கதிர்களைப் பொறுக்கியும், நிதி திரட்டிக் களஞ்சியங்கள் கட்டியும் கோதுமை சேர்த்தனர். முதல் உலகப் போரின்போது, 1918இல், 2 லட்சம் புஷலுக்கும் மேற்பட்ட கோதுமை அமெரிக்க அரசுக்கு விற்கப்பட்டது.

இத்தகைய சின்னத்தை நவீனமாக்குவதாகக் கூறி ஒருவர் கதிரை நீக்கி வெறும் வளைகோடாக வரைந்தால், பாட்டியின் உழைப்பை அழித்ததாகவே உறுப்பினர்கள் உணரக்கூடும். வரைகலைஞர் ஒரு வடிவத்தைக் காணும் இடத்தில் வாசகர் ஒரு நினைவைக் காண்கிறார்.

1970: மேலிருந்து வந்த மாற்றம்

1970 டிசம்பருடன் 'ரிலீஃப் சொசைட்டி மேகசின்' நிறுத்தப்பட்டது. சபையின் எல்லா இதழ்களையும் ஒழுங்குபடுத்தும் திட்டத்தின் பகுதியாக இம்முடிவு எடுக்கப்பட்டது. 1971 ஜனவரி முதல் பெரியவர்களுக்கு 'என்சைன்', இளையோருக்கு 'நியூ எரா', சிறுவர்களுக்கு 'ஃபிரெண்ட்' என மூன்று இதழ்கள் வந்தன. ஆண், பெண் இருபாலருக்கும் ஒரே இதழ் என்பதால் பெண்களுக்கெனத் தனி ஏடு இல்லாமல் போனது. ஏறத்தாழ அதே காலத்தில் சங்கம் தன் நிதியைத் தானே திரட்டும் வழக்கமும் முடிவுக்கு வந்தது.

அப்போது சங்கத்தின் தலைவராக இருந்தவர் பெல் ஸ்பாஃபோர்ட். 1937 முதல் 1945 வரை அவ்விதழின் ஆசிரியராக இருந்தவரும் அவரே.

நிர்வாகத்தின் பார்வையில் இம்மாற்றத்திற்குக் காரணம் இருந்தது. சபை பல நாடுகளில் பரவி வந்தது. பல இதழ்களைத் தனித்தனியே நடத்துவதைவிட ஒருங்கிணைப்பது எளிது. ஆனால் வாசகிகளின் கணக்கு வேறு. தங்கள் பெயர் தாங்கிய தலைப்பும் தாங்கள் எழுதிய பக்கங்களும் போன பின், பொது இதழில் தங்களுக்கு எவ்வளவு இடம் என்பதே அவர்கள் முன் நின்ற கேள்வி.

1974: பழைய பெயரின் மறுபிறப்பு

1970ஆம் ஆண்டு முதல் பாஸ்டன் பகுதியில் சில மோர்மன் பெண்கள் கூடித் தங்கள் வாழ்க்கையையும் நம்பிக்கையையும் பற்றிப் பேசி வந்தனர். அவர்களுள் ஒருவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வைடனர் நூலகத்தில் 'உமன்ஸ் எக்ஸ்போனென்ட்' இதழின் பழைய தொகுதிகளைக் கண்டார். தங்கள் முன்னோர் இவ்வளவு துணிவுடன் எழுதியிருந்தனர் என்பது அக்குழுவினருக்கு வியப்பாக இருந்தது.

1974 ஜூலையில் அவர்கள் தொடங்கிய இதழுக்கு 'எக்ஸ்போனென்ட் II' என்று பெயரிட்டனர். முதல் ஆசிரியர் கிளாடியா புஷ்மன். பின்னர் 1991இல் புலிட்சர் பரிசு பெற்ற வரலாற்றாசிரியர் லாரல் தாட்சர் அல்ரிச் நிறுவனர்களுள் ஒருவர். மோர்மன் நம்பிக்கை, பெண்ணியம் ஆகிய இரண்டு மேடைகளிலும் தாங்கள் நிற்பதாக அவ்விதழ் அறிவித்தது. 1879ஆம் ஆண்டு வாசகத்தின் இரு பாதிகளை இது நினைவூட்டுகிறது.

பெயரிலுள்ள 'II' என்ற எண் கவனிக்கத்தக்கது. இடையே 60 ஆண்டுகள் கழிந்திருந்தும், புதிய பெயர் ஒன்றைத் தேடாமல், நின்றுபோன வரிசையின் அடுத்த எண்ணாக அவர்கள் தங்களை வைத்துக்கொண்டனர். இழந்த அடையாளத்திற்கு வாசகர் அளிக்கக்கூடிய எதிர்வினைகளுள் இதுவே மிக நீண்ட காலம் நிலைப்பது எனலாம்.

வாசகர்கள் ஏன் எதிர்க்கின்றனர்?

வாசகர் எதிர்வினைக்கான காரணங்களை மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்றாகத் தொகுக்கலாம்.

பழக்கம்: கண்ணுக்குப் பழகிய வடிவம் மாறும்போது தோன்றும் தயக்கம் இது. பெரும்பாலும் சில மாதங்களில் மறைந்துவிடும்.

நினைவு: சின்னம் ஒரு தலைமுறையின் உழைப்பையோ துயரையோ குறிக்கும்போது, அதன் மாற்றம் மறதியாக உணரப்படுகிறது.

உரிமை: தங்களைக் கேளாமல் முடிவெடுத்தனர் என்ற மனத்தாங்கல் இது. இலச்சினை நன்றாக இருந்தாலும் இது தீர்வதில்லை.

மைக்கேல் வால்ஷ், கேரன் வின்டரிச், விகாஸ் மிட்டல் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஒரு வணிகப் பெயரிடம் மிகுந்த பற்றுடையோரே அதன் இலச்சினை மாற்றத்தை அதிகம் வெறுக்கின்றனர் என்று காட்டியது. பற்று குறைந்தோர் மாற்றத்தை எளிதில் ஏற்றனர். காலணி நிறுவனங்களின் இலச்சினைக்கே இந்நிலை என்றால், நம்பிக்கையோடும் குடும்பத்தோடும் பிணைந்த இதழுக்கு இது இன்னும் பொருந்தும் என எதிர்பார்க்கலாம். எனவே கோபமான கடிதத்தை இதழின் எதிரி எழுதியதாகக் கொள்வது தவறு. பெரும்பாலும் அது நீண்டகாலச் சந்தாதாரரின் கடிதமாகவே இருக்கும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பழையதை மாற்றவே கூடாது என்றால் 1879ஆம் ஆண்டின் வாசகமே தோன்றியிருக்காது. புதிய வாசகிகளுக்குப் பழைய சின்னம் பொருள் தராமல் போகலாம்; சில நேரம் அவர்களை விலக்கவும் செய்யலாம். ஆகவே எதிர்ப்பு எழுவதாலேயே ஒரு மாற்றம் தவறாகிவிடாது. எதிர்ப்பு இல்லாததாலேயே அது சரியாகிவிடவும் செய்யாது.

முடிவுரை

ஒரு சமயப் பெண்கள் இதழின் இலச்சினை மாற்றத்தை ஆராயும் மாணவர், புதிய வடிவம் அழகாக உள்ளதா என்று கேட்பதற்கு முன் சிலவற்றைக் கேட்பது பயனுள்ளது. மாற்றியவர் யார்? வாசகிகளுக்குக் காரணம் கூறப்பட்டதா? பழைய சின்னம் யாருடைய உழைப்பைத் தாங்கியிருந்தது? மாற்றத்திற்குப் பின் பக்கங்கள் யார் கையில் உள்ளன?

யூட்டாப் பெண்களின் இதழ்வரலாறு கடைசிக் கேள்வியின் எடையைக் காட்டுகிறது. எழுதும் பெண்களின் கையில் இதழ் இருந்தவரை தலைப்பு வாசகம் மாறியும் இதழ் அவர்களுடையதாகவே இருந்தது. 1970இல் போனது தலைப்பு மட்டுமன்று, அதன் கீழே இருந்த பக்கங்களும்தான். அவற்றை மீண்டும் பெற எண்ணிய பெண்கள், நூலக அடுக்கில் இருந்த பழைய பெயரை எடுத்து, அதன் பக்கத்தில் இரண்டு என்ற எண்ணை எழுதினர்.