நியூட்ரல் போட்டால் மட்டும் போதாது

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் கார் படுத்துவிட்டால், வந்து சேரும் கிரேன் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. முன்பக்கத்தைத் தூக்கி மாட்டிக்கொண்டு, பின்சக்கரங்களைத் தரையில் உருளவிட்டு இழுத்துப் போகிறது. ஸ்விஃப்ட், ஐ10, எர்டிகா என்றால் அதில் தவறில்லை; ஹேண்ட் பிரேக்கை மட்டும் விடுவித்திருக்க வேண்டும். இன்னோவா கிரிஸ்டா, பொலேரோ, ஸ்கார்ப்பியோ, ஃபார்ச்சூனர் போன்ற பின்சக்கரம் இழுக்கும் வண்டி என்றால் அதுவே வினையாக முடியும். ரேடியேட்டர் குழாய் வெடித்து நின்ற வண்டி, ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் கியர்பாக்ஸையும் இழந்திருக்கும். சில நூறு ரூபாய் வேலை, பெரும் செலவாகிவிடும்.

“நியூட்ரலில்தானே இருக்கு, என்ன ஆகிவிடப் போகிறது?” என்று ஓட்டுநர் கேட்பார். கிரேன்காரரும் தலையாட்டுவார். இந்த நம்பிக்கைதான் எத்தனையோ வண்டிகளைக் கெடுத்திருக்கிறது.

பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் கியர்பாக்ஸின் வாலிலிருந்து ஒரு நீளமான ஷாஃப்ட் வண்டியின் அடிவழியாகப் பின்னால் ஓடி, பின் ஆக்ஸிலின் நடுவே உள்ள கிரவுனில் (டிஃபரன்ஷியல்) சேர்கிறது. நியூட்ரல் போட்டால் எஞ்சினின் தொடர்பு அறுபடும், அவ்வளவுதான். பின்சக்கரம் தரையில் உருண்டால் ஆக்ஸில், கிரவுன், ஷாஃப்ட், கியர்பாக்ஸின் வெளித்தண்டு எல்லாம் சேர்ந்து சுழலும். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர்பாக்ஸுக்குள் ஆயிலைச் சுற்றவைக்கும் பம்ப் எஞ்சின் ஓடினால்தான் ஓடும். எஞ்சின் நின்றிருக்கிறது, உள்ளே பாகங்கள் சுழல்கின்றன, அவற்றுக்கு ஆயில் வருவதில்லை. சூடேறி கிளட்ச் தகடுகளும் பேரிங்குகளும் தீய்ந்துபோகின்றன. வெளியே ஒரு சத்தமும் கேட்காது என்பதுதான் இதில் கொடுமை.

மேனுவல் கியருக்கு ஆபத்து குறைவு. இல்லை என்று சொல்ல முடியாது. அதில் அடியில் சுழலும் பற்சக்கரங்கள் ஆயிலை வாரி இறைத்துத்தான் மேலே உள்ள தண்டு நனைகிறது. நியூட்ரலில் இழுக்கும்போது அவை அசைவதில்லை. அம்பாசிடரையும் பத்மினியையும் கயிறு கட்டி இழுத்துப் பழகிய மூத்த ஓட்டுநர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் இழுத்தது பக்கத்து ஊர் மெக்கானிக் வரைக்கும், மெதுவாக. இன்று கிரேன் அறுபது, எழுபது வேகத்தில் மாவட்டம் தாண்டிப் போகிறது.

எது சரியான வழி? முதல் தேர்வு ஃபிளாட்பெட்தான்: தளத்தைச் சாய்த்து, வின்ச்சால் வண்டியை மேலே ஏற்றி, நாலு சக்கரமும் தரையில் படாமல் கொண்டுபோகும் ரெக்கவரி வண்டி. ஏற்றியபின் டயர்களின் மேல் பட்டை போட்டு இறுக்கச் சொல்லுங்கள். சஸ்பென்ஷன் கம்பியில் சங்கிலி மாட்ட விடாதீர்கள். தார், ஃபார்ச்சூனர் 4x4 போன்ற நாலு சக்கர டிரைவ் வண்டிகளுக்கும், பின்சக்கர மோட்டார் கொண்ட பிஇ 6, அயோனிக் 5 போன்ற மின்சாரக் கார்களுக்கும் இதுதான் வழி. மின்சாரக் காரில் சக்கரம் உருண்டால் மோட்டாரே ஜெனரேட்டராகிக் கோளாறு செய்யும்.

மற்ற பின்சக்கர டிரைவ் வண்டிகளுக்குக் கிரேன்தான் கிடைத்தது என்றால் பின்பக்கத்தைத் தூக்கச் சொல்லுங்கள். அப்போது முன்சக்கரம் தரையில் உருளும், ஸ்டியரிங் நேராக நிற்க வேண்டும். சாவியை எடுத்தால் விழும் பூட்டை நம்பி அனுப்பக் கூடாது, அது திருட்டைத் தடுக்கச் செய்தது. ஸ்டியரிங்கைப் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். முன்பக்கத்தைத்தான் தூக்க முடியும் என்றால், பின்சக்கரங்களுக்கு அடியில் சிறு சக்கரத் தள்ளுவண்டி வைக்கலாம்.

அதுவும் இல்லாத இடத்தில் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் ஷாஃப்டையே கழற்றிவிடுவார்கள். நல்ல மெக்கானிக் ஸ்பேனரைத் தொடுமுன் கிரவுன் முகப்பிலும் ஷாஃப்ட் முகப்பிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுவார். திரும்ப மாட்டும்போது அந்தக் கோடு நேருக்கு நேர் வராவிட்டால், வேகம் எடுத்ததும் வண்டி நடுங்கக்கூடும். போல்ட்டுகளைக் கழற்றி, ஷாஃப்டின் நுனியைக் கம்பியால் அடிச்சட்டத்தோடு இழுத்துக் கட்டுவார். முழுசாக உருவ வேண்டிய வகை என்றால் கியர்பாக்ஸின் வாலை அடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆயில் ஒழுகிவிடும். கோடு போடாமல் கழற்ற வருபவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கிளம்புமுன் ஹேண்ட் பிரேக்கைப் பாருங்கள். அது பின்சக்கரத்தைப் பிடிப்பது. தரையில் உருளும்போது மறந்தால் பிரேக் எரியும். ஆட்டோமேட்டிக்கில் ‘பி’ போட்டு இழுத்தால் உள்ளே தண்டைப் பிடித்திருக்கும் கொக்கி உடையும். பேட்டரி செத்து லீவர் நகரவில்லை என்றால், பல வண்டிகளில் லீவரின் பக்கத்தில் சின்ன மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்து அழுத்தினால் நகரும்.

கயிறு கட்டி இழுப்பதை ஆபத்தான இடத்திலிருந்து வண்டியை நகர்த்த மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது, கயிறு பிறர் கண்ணில் படவேண்டும், பின்னால் 75 மில்லிமீட்டர் உயர எழுத்தில் ‘ஆன் டோ’ பலகை வேண்டும் என்பது சாலை விதி. கொக்கியை பம்பரில் மாட்டாதீர்கள். டூல் கிட்டில் உள்ள வளையத்தை, பம்பரின் சிறு மூடியைத் திறந்து கடைசி மரை வரை திருகி, அதில் மாட்டுங்கள்.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033-க்கு அழையுங்கள். எங்கே அழைத்தாலும் வண்டியின் பெயரோடு “பின்சக்கர டிரைவ், ஆட்டோமேட்டிக்” என்று முதலிலேயே சொல்லி ஃபிளாட்பெட் கேளுங்கள். வர நேரமானாலும் காத்திருங்கள். உங்கள் வண்டியை எப்படி, எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று ஓனர்ஸ் மேனுவலில் தனிப் பக்கமே இருக்கிறது. இன்றே அதைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கொக்கியோடு வருபவரிடம் காட்ட உதவும்.